குடிமைப் பணித் தேர்வு விடைகளில் சமநிலை என்பது எது?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: விடை சமநிலையாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் பயிற்சி விடைத்தாள்களில் அது என்னவாக உருமாறி வந்து நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது கவலை ஏற்படுகிறது. எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் நான்கு நன்மைகள், நான்கு குறைகள், கடைசியில் "அரசும் மக்களும் இணைந்து செயல்பட்டால் இத்திட்டம் முழு வெற்றி பெறும்" என்று ஒரு வரி. அந்தத் திட்டத்தின் பெயரை அடித்துவிட்டு வேறொரு திட்டத்தின் பெயரை எழுதினாலும் விடை அப்படியே பொருந்தும். இரண்டு தட்டிலும் ஒரே எண்ணிக்கையில் கற்களை அடுக்கிவைப்பதே சமநிலை என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கொட்டும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவிலோ உழைப்பிலோ குறையில்லை. கேட்கப்படுவது என்ன என்பதைப் பற்றிய புரிதலில்தான் ஒரு சறுக்கல் இருக்கிறது.

தேர்வின் வடிவத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். இயற்பியல் அறிஞர் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1976இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்ற மூன்று கட்ட முறை 1979இல் நடைமுறைக்கு வந்தது. 2013இல் முதன்மைத் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது பொது அறிவுத் தாள்கள் நான்காயின. அறவியலுக்கென்று தனித் தாளும் அப்போதுதான் வந்தது. தரவரிசைக்குக் கணக்கில் வரும் 2025 மதிப்பெண்களில் கட்டுரைக்கு 250, நான்கு பொது அறிவுத் தாள்களுக்கு 1000, விருப்பப் பாடத்தின் இரு தாள்களுக்கு 500, நேர்முகத் தேர்வுக்கு 275. முதல்நிலைத் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் அது வாசலைத் திறக்க மட்டுமே உதவும். ஆகவே மொத்தத்தில் ஏறத்தாழ பாதி, பொது அறிவுத் தாள்களில் 150 சொற்களிலும் 250 சொற்களிலும் எழுதப்படும் சின்னஞ்சிறு விடைகளைச் சார்ந்திருக்கிறது. அவற்றுள் ஆட்சியமைப்பு, சமூக நீதி, பொருளாதாரம், வேளாண்மை, சுற்றுச்சூழல் ஆகியவை அடங்கிய இரண்டாம், மூன்றாம் தாள்களில் பெரும்பாலான வினாக்கள் கொள்கை சார்ந்தவை.

ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் தேர்வு அறிவிக்கையை விண்ணப்பத் தேதிக்காக மட்டும் புரட்டாமல், அதன் விதிகளையும் நிதானமாகப் படித்தால், இத்தேர்வை நடத்தும் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் எதைத் தேடுகிறது என்பது அதிலேயே எழுதப்பட்டிருப்பது தெரியும். தேர்வரின் தகவல் பரப்பையும் நினைவாற்றலையும் மட்டும் அளப்பது முதன்மைத் தேர்வின் நோக்கமன்று, அவருடைய அறிவுத்திறனையும் புரிதலின் ஆழத்தையும் அறிவதே நோக்கம் என்ற பொருளில் அங்கே ஒரு வாசகம் வருகிறது. நேர்முகத் தேர்வில் பார்க்கப்படும் பண்புகளின் வரிசையில், தெளிவாகவும் தர்க்கமுறையிலும் எடுத்துரைக்கும் திறனுக்கு அடுத்ததாக, முடிவெடுப்பதில் சமநிலை என்பதும் இடம்பெறுகிறது. எந்த முடிவுக்கும் வராமல் நிற்கும் சமநிலை பற்றி அங்கே பேச்சே இல்லை. எடை பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைப் பொறுப்போடு சொல்லும் சமநிலையைத்தான் அது குறிக்கிறது.

காரணம் எளிது. இந்தத் தேர்வில் வெல்பவர் சில ஆண்டுகளில் கோப்புகளில் குறிப்பு எழுதப் போகிறவர். ஒரு கோப்பில் எழுதப்படும் குறிப்பு, பிரச்சினை என்ன, விதி என்ன சொல்கிறது, செய்யக்கூடியவை எவை, ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன நேரும், ஆகவே எது பரிந்துரைக்கப்படுகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். "இரு தரப்பிலும் நியாயம் உள்ளது" என்று எழுதி மேலே அனுப்பப்படும் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை. அது அப்படியே திரும்பி வரும். 250 சொல் விடை என்பது அத்தகைய குறிப்பின் சிறு வடிவம் என்று எண்ணிக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பத்தில் பாதி தானே விலகிவிடும்.

துலாக்கோலின் நடுநிலையைப் பற்றித் தமிழ் மரபு நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. அந்த உவமையில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. துலாக்கோல் சமமாக நிற்க வேண்டியது தட்டுகள் காலியாக இருக்கும்போது. பொருளை வைத்த பிறகு எடை கூடிய பக்கம் தாழ்வதுதான் அதன் வேலை. அப்போதும் முள் நடுவிலேயே நின்றால் அந்தத் தராசு பழுதானது. விடை எழுதுபவருக்கும் இது பொருந்தும். வினாவைப் படிக்கும் கணத்தில் மனம் எந்தப் பக்கமும் சாயாதிருக்க வேண்டும்; இரு தரப்பையும் அவற்றின் முழு எடையோடு தட்டில் வைக்க வேண்டும்; பிறகு முள் எங்கே நிற்கிறதோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பது நல்லது. "உணவு தானிய விநியோகத்தில் அனைவருக்குமான முறையைவிட இலக்கு சார்ந்த முறையே மேலானது. விவாதிக்க" என்று 15 மதிப்பெண்ணுக்கு ஒரு பயிற்சி வினா தரப்பட்டதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் விடையின் சாரம் இப்படி இருக்கும்:

"அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் பசியைப் போக்குகிறது. ஆனால் வசதி படைத்தவர்களும் பயன்பெறுவதால் அரசுக்கு நிதிச்சுமை ஏற்படுகிறது. இலக்கு சார்ந்த திட்டம் நிதியைச் சேமிக்கிறது. ஆனால் தகுதியானவர்கள் விடுபட நேரிடுகிறது. எனவே இரண்டிலும் உள்ள நல்ல அம்சங்களை இணைத்துச் செயல்படுத்த வேண்டும்."

இதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் இது எதையும் எடைபோடவில்லை. வசதியுள்ளவர் பட்டியலில் சேர்ந்துவிடுவது ஒரு பிழை, வறியவர் பட்டியலிலிருந்து விடுபடுவது ஒரு பிழை. இரண்டுக்கும் தலா ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டதால் இரண்டும் ஒரே அளவுள்ள பிழைகள் என்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் முதல் பிழையின் செலவு பணம். அது வரி செலுத்தும் எல்லோர் மீதும் பரவி விழுகிறது, அடுத்த நிதிநிலை அறிக்கையில் திருத்திக்கொள்ளவும் முடியும். இரண்டாவது பிழையின் செலவு ஒரு குடும்பத்தின் அந்த மாதச் சோறு. அது அந்தக் குடும்பத்தின் மீது மட்டுமே விழுகிறது, போன மாதப் பட்டினியை அடுத்த மாத அரிசியால் ஈடுசெய்ய முடியாது. மேலும், அப்படி விடுபடும் குடும்பம் பெரும்பாலும் ஒரு நாள் கூலியை இழந்து வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் முறையிடவும் வலுவில்லாத குடும்பம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அதுவும் ஒருதலைப்பட்சம்தான். இலக்கு சார்ந்த முறையை வேண்டுவோரின் வாதத்தை அவர்களே எழுதினால் எப்படி எழுதுவார்களோ அந்த வலுவோடு வைக்க வேண்டும். அரிசிக்குச் செலவாகும் பணம், பருப்புக்கோ முட்டைக்கோ அங்கன்வாடிக்கோ போகாத பணம். ஊட்டச்சத்துக் குறைவு என்பது வயிறு நிறையாத பிரச்சினை மட்டுமன்று. தேவையில்லாதவர்களின் அட்டைக்கும் அரிசி ஒதுக்கப்படும்போது, அவர்கள் வாங்காமல் விடும் அரிசி கணக்கில் வாங்கியதாகக் காட்டப்பட்டு வெளிச்சந்தைக்கும் மாநில எல்லைக்கு அப்பாலும் போகிறது. ரேஷன் அரிசிக் கடத்தல் பற்றிய செய்தி அடிக்கடி வருவதற்கு அனைவருக்குமான முறையும் ஒரு காரணம் என்பதை அதன் ஆதரவாளர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

இப்போது உண்மைகள். வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கும் இலக்கு சார்ந்த பொது விநியோக முறை 1997இல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காடு வரையும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காடு வரையும் உரிமை அளித்தது; பயனாளிகளின் எண்ணிக்கைக்கு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கே அடிப்படை. தமிழ்நாடு 2016 நவம்பரில் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால் சட்டத்தின் வரம்புக்குள் வராத அட்டைகளுக்கும் வழங்குவதற்கான கூடுதல் செலவைத் தானே ஏற்றுக்கொண்டது. சத்தீஸ்கர் வேறு பாதையில் சென்றது: நியாயவிலைக் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகள், கூட்டுறவுகள், மகளிர் குழுக்கள் போன்றவற்றிடம் கொடுத்து, 2012இல் தனக்கென்று ஓர் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றிக்கொண்டது. இந்த விவாதத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு சிறு பொருளும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் சர்க்கரை அட்டை. அரிசி தேவையில்லை என்று கருதும் குடும்பம் அதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். எந்தப் பொருளும் வேண்டாதவர்க்குப் பொருளில்லா அட்டையும் உண்டு. யார் ஏழை என்பதை ஓர் அதிகாரி தீர்மானிப்பதற்குப் பதிலாக, யாருக்குத் தேவையில்லை என்பதை அந்தக் குடும்பமே சொல்லட்டும் என்ற ஏற்பாடு அது. 'அனைவருக்கும்', 'இலக்கு' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே உண்மையாகவே இன்னொரு வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு அதே விடையின் மையப் பத்தி இப்படி அமையலாம்:

"விடுபடுதலும் மிகைச்சேர்ப்பும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல, முன்னது உணவைப் பறிக்கிறது, பின்னது செலவைக் கூட்டுகிறது. முறைசாரா வேலையில் உள்ளவர்களின் வருமானத்தை நம்பகமாகக் கணிக்கும் வழி இல்லாதவரை, அரிசி போன்ற அடிப்படைப் பொருளில் அனைவருக்குமான முறையே பாதுகாப்பானது. தேவையற்றோர் தாமாக விலகுவதற்குத் தமிழ்நாட்டின் சர்க்கரை அட்டை வழிகாட்டுகிறது. ஆயினும் வாங்கப்படாத அரிசி கசிவது இம்முறையின் மெய்யான குறை. அதைப் பயனாளிகள் பட்டியலைச் சுருக்கித் தீர்ப்பதைவிட, கடைவாரியாக இருப்பையும் விற்பனையையும் சரிபார்த்துத் தீர்க்கலாம். செலவு மிகுந்த, வருமானச் சான்று எளிதில் கிடைக்கக்கூடிய சலுகைகளுக்கு இலக்கு சார்ந்த முறை பொருந்தும்."

இந்தப் பத்தி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது; சாய்வதற்கான காரணத்தைச் சொல்லியிருக்கிறது; எந்த நிலையில் அந்த முடிவு மாறும் என்பதையும் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் மறைக்கப்படவில்லை. இதற்கு நேர்மாறான முடிவை இதே நேர்மையோடு எழுதுபவரும் நல்ல மதிப்பெண் பெறத் தகுந்தவரே என்பதில் எனக்கு ஐயமில்லை. திருத்துபவர் எந்த முடிவை விரும்புவார் என்று ஊகித்து எழுதும் பழக்கத்தை இதனால்தான் கைவிட வேண்டும் என்கிறேன்.

நெஞ்சுக்கு நெருக்கமான பொருள் வினாவாக வரும்போது இது இன்னும் கடினமாகிவிடுகிறது. தமிழ்நாட்டுத் தேர்வர்களுக்கு நிதிப் பகிர்வு அத்தகைய பொருள். மத்திய வரிகளில் மாநிலங்களுக்கான தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு, வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில் 13ஆவதன் காலத்தில் 4.969 விழுக்காடாக இருந்தது. 14ஆவது ஆணையத்தில் 4.023 ஆகக் குறைந்தது, 15ஆவதில் 4.079. இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6 விழுக்காடு. இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் கோபம் வருவது இயல்பே. நானும் அந்தக் கோபத்துக்கு வெளியே நிற்பவன் அல்லன். ஆனால் கோபத்தோடு எழுதத் தொடங்கும் விடை, 15ஆவது ஆணையம் 45 விழுக்காடு எடை கொடுத்த வருமான இடைவெளி (தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது) என்ற அளவுகோல் எதற்காக இருக்கிறது என்பதையே கேட்காமல் கடந்துவிடும். வருவாய் ஈட்டும் வலு குறைந்த ஒரு மாநிலத்தில் பிறந்த குழந்தைக்கும் ஓரளவு ஒத்த தரமுள்ள பள்ளியும் மருத்துவமனையும் கிடைக்க வேண்டும் என்பது அதன் பின்னுள்ள கருத்து. கூட்டாட்சி நாடுகள் பலவற்றில் இத்தகைய ஏற்பாடு உண்டு. இந்தக் கருத்தை மதிப்போடு எடுத்துரைத்த பிறகுதான், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதன் பொருட்டே இழப்பைச் சந்திக்கலாமா என்ற கேள்விக்கு முழு எடை கிடைக்கும். 15ஆவது ஆணையம் 1971 கணக்கெடுப்பைக் கைவிட்டு 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடு எடை அளித்ததையும், அதனால் எழுந்த மனக்குறைக்கு மறுமொழியாக மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5 விழுக்காடு ஒதுக்கியதையும் அருகருகே வைத்துச் சொன்னால், ஆணையமே இரு நியாயங்களுக்கு இடையே எடைபோட்டிருப்பது விளங்கும். அந்த எடை போதுமா என்பதே வாதம்.

இதே வினாவில் இன்னொரு முடிச்சையும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். மேல்வரியும் (செஸ்) கூடுதல் கட்டணமும் (சர்சார்ஜ்) அரசமைப்பின் 270ஆவது பிரிவின்படி மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் சேர்வதில்லை. இவற்றின் அளவு கூடக்கூட, பணக்கார மாநிலம், ஏழை மாநிலம் என்ற வேறுபாடின்றி எல்லா மாநிலங்களின் தொகுப்பும் சுருங்குகிறது. ஆக, மாநிலங்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்பது ஒரு சச்சரவு. பங்கிடப்பட வேண்டிய பானையே எவ்வளவு பெரிது என்பது வேறொரு சச்சரவு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதும் விடைகள் உணர்ச்சியளவில் வலுவாகவும் வாதத்தளவில் நொய்மையாகவும் இருக்கின்றன. பிரித்து எழுதினால், முதலாவதில் பீகாரோடு முரண்படும் தமிழ்நாடு, இரண்டாவதில் பீகாரோடு ஒரே அணியில் நிற்கிறது என்பது தெரியவரும். கொள்கை விடைகளில் நான் மிகவும் மதிப்பது இத்தகைய பிரித்தறிதலைத்தான். மாநில உரிமை தொடர்பான மற்ற வினாக்களுக்கும், ஒன்றிய மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அமைத்த இராஜமன்னார் குழு, 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம், 2007இல் அமைக்கப்பட்ட பூஞ்சி ஆணையம் ஆகியவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்துவைத்திருப்பது பத்துத் தலையங்கங்களைவிட உதவும்.

எல்லா வினாக்களும் இரு தரப்பையும் கேட்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வினாவின் கடைசிச் சொல்லே விடையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஆங்கில வினா 'எலூசிடேட்' என்று முடிந்தால் விளக்குவது மட்டுமே வேலை. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு எடை, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு என்ற அமைப்பை விளக்கச் சொன்னால், ஒன்றிய அரசின் ஒப்புதலின்றி எதுவும் நிறைவேறாது என்ற விளைவு வரை கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். நன்மை தீமைப் பட்டியல் அங்கே தேவையற்ற சுமை. 'டு வாட் எக்ஸ்டென்ட்' (எந்த அளவுக்கு) என்று வந்தால் அளவைச் சொல்லாத விடை விடையே ஆகாது. 'கமென்ட்' என்றால் உங்கள் கருத்து வந்தாக வேண்டும். மிகுந்த தொல்லை தருவது 'கிரிட்டிகலி எக்ஸாமின்'. இதைத் தமிழில் 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, விமர்சனம் என்றாலே குறை சொல்வது என்ற நம் பேச்சு வழக்கின் பொருளில் குறைகளை மட்டும் அடுக்கிவிடுகிறார்கள். ஒரு கூற்று எந்த இடங்களில் நிற்கிறது, எந்த இடங்களில் நிற்கவில்லை என்று சோதித்துச் சொல்வதையே அந்தச் சொற்றொடர் கேட்கிறது.

இந்த இடறல் தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு ஏன் அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதிலும் முதன்மைத் தேர்வின் விடைகளை எழுதலாம். ஆனால் பொது அறிவு வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சிடப்படுகிறது. தமிழில் எழுதும் தேர்வர், வினாவை ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் சிந்தித்து, தமிழில் எழுத வேண்டும்; ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுபவர்களுக்கு இல்லாத ஒரு படி இவருக்குக் கூடுதலாக இருக்கிறது. இது நியாயமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 முதன்மைத் தேர்வில் வினாக்கள் தமிழிலும் வருவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஏற்பாடு மாறும்வரை, பழைய வினாத்தாள்களை எடுத்து ஒவ்வொரு வினாவையும் சொந்தத் தமிழில் ஒரே வாக்கியத்தில் திருப்பி எழுதிப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. விடை எழுத நேரமில்லாத நாளிலும் பத்து வினாக்களுக்கு இதைச் செய்துவிடலாம்.

கலைச்சொற்களுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கைகளின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தால், நிருவாகத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்களும், ஒரு திட்டத்தின் நோக்கம், ஒதுக்கீடு, பயனாளிகள் பற்றிய விவரங்களும் ஒருசேரக் கிடைக்கும். அரசு தன்னைப் பற்றிச் சொல்வது அது என்பதால், இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையில் அதே துறையைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கையில் கொள்கைக் குறிப்பு, மறு கையில் தணிக்கை அறிக்கை. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் நல்ல விடைக்கான பொருள் இருக்கிறது. நாளிதழ்த் தலையங்கங்கள் நடையைக் கற்றுத் தரும். ஆனால் அவற்றின் கருத்தையே கடன் வாங்கி எழுதுவது ஓரிரு வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் நேரம் என்ற வரம்புக்குள் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் முதல் மூன்று பொது அறிவுத் தாள்களில் ஒவ்வொன்றிலும் 20 வினாக்கள். 10 மதிப்பெண் வினாவுக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் வினாவுக்கு 11 நிமிடம் என்று பிரித்தால் 180 நிமிடங்களும் தீர்ந்துவிடுகின்றன. விடைப் புத்தகத்தில் சிறு வினாவுக்கு இரண்டு பக்கம், பெரிய வினாவுக்கு மூன்று பக்கம் என்று இடமும் அளந்தே தரப்படுகிறது. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுடிபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 250 தமிழ்ச் சொற்களுக்குள் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் செய்தியை அடக்கிவிட முடியும். ஆனால் கை ஓடும் தூரம் குறைவதில்லை. ஆகவே தமிழில் எழுதுபவர் சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு, வரியை எண்ணப் பழகுவது நல்லது. முதல் ஒன்றரை நிமிடத்தை எழுதாமல் செலவிடத் துணிவு வேண்டும். அந்த நேரத்தில் விடைப் புத்தகத்தில் ரஃப் வேலைக்கான இடத்தில் மூன்றே மூன்று குறிப்புகள் போதும்: மோதிக்கொள்ளும் இரண்டு நன்மைகள் எவை, செலவு யார் தலையில் விழுகிறது, என் முடிவு எந்த நிபந்தனையில் நிற்கிறது. இவை தெளிவாகிவிட்டால் முன்னுரைக்காகத் தவிக்க வேண்டியிருக்காது. மோதலையே முதல் வாக்கியமாக எழுதிவிடலாம்.

எண்களைப் பற்றி ஒன்று. நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஓர் எண், அது வாதத்தைத் தாங்கும் இடத்தில் வந்தால், விடை முழுவதையும் தூக்கி நிறுத்தும். உறுதியில்லாத நான்கு எண்களை அள்ளித் தெளித்தால் தெரிந்த ஒன்றின் மீதும் ஐயம் விழும். ஆண்டு நினைவில்லையென்றால் "அச்சட்டம் வந்த பிறகு" என்று எழுதுவதில் இழுக்கில்லை. ஒன்றிய அரசு, மத்திய அரசு என்ற சொற்களில் எதை எழுதுவது என்று தயங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன்: அரசமைப்பின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது, வழக்கில் இரண்டு சொற்களும் உள்ளன, ஒன்றை எடுத்துக்கொண்டு சீராக எழுதிவிட்டுப் பொருளுக்குச் செல்லலாம்.

பயிற்சி விடையை எழுதி முடித்தபின் மதிப்பெண் எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த விடையில் நீங்கள் பரிந்துரைத்த முடிவால் இழப்படையும் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் கண்ணோடு அதை மறுபடி படிக்க வேண்டும். ரேஷன் விடையாக இருந்தால், கூடுதல் செலவுக்குப் பணம் தேட வேண்டிய நிதித்துறைச் செயலர் ஒருமுறை படிக்கட்டும். குடும்ப அட்டையே இல்லாமல் வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கும் தொழிலாளி ஒருமுறை படிக்கட்டும். தங்கள் தரப்பு இதில் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று இருவரும் ஒப்புவார்களா? முடிவை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை. மேலே காட்டிய பத்தியையே இப்படிப் படித்துப் பார்த்தேன். நிதிச் செயலருக்கு அதில் ஓரளவு இடம் இருக்கிறது. அட்டை இல்லாத தொழிலாளிக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. 'அனைவருக்கும்' என்ற சொல், அந்த மாநிலத்தின் அட்டை வைத்திருக்கும் அனைவரையும்தான் குறிக்கிறது. அதை மறுபடி எழுதும்போது, கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, எந்த மாநில அட்டையையும் எந்த ஊர்க் கடையிலும் பயன்படுத்தும் வசதியையும், அட்டையே இல்லாதவர் பெயரைச் சேர்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதையும் அந்த இடத்தில் எழுதுவேன்.